பாராமெடிக்கின் பக்கத்தில் நிற்கும் இ.எம்.டி.: தயார் செய்வது எப்படி?

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி இரவு. மூன்றாம் மாடி வீடு, லிஃப்ட் கிடையாது. இதயம் நின்றுபோய்த் திரும்பத் துடிக்கத் தொடங்கிய ஒருவரை, மூச்சுக்குழாயில் ட்யூப் போட்ட நிலையில், குறுகலான படிகளில் இறக்கிக் கொண்டுவந்தோம். ஆம்புலன்ஸில் ஏற்றியதும் நானும் கூட வந்த இன்னொரு பாராமெடிக்கும் இறங்கிக்கொண்டே போன இரத்த அழுத்தத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். தலைமாட்டில் உட்கார்ந்து, மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டிருந்தது 19 வயது இ.எம்.டி. (பாராமெடிக்கைவிடக் குறைந்த பயிற்சி பெற்ற அவசர மருத்துவ டெக்னீஷியன்) பையன் ஒருவன்.

"அலை போயிடுச்சு" என்றான்.

மானிட்டரைப் பார்த்தேன். வெளிவிடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவைக் காட்டும் கோடு தட்டையாகக் கிடந்தது. படியில் இறக்கும்போது ட்யூப் நழுவியிருக்கிறது. உடனே உருவிவிட்டு, மாஸ்க் வைத்து மூச்சுக் கொடுத்து, மறுபடி போட்டோம். அவன் வாய் திறக்காமல் இருந்திருந்தால் நாங்கள் கவனிக்க இன்னும் ஒரு நிமிடமாவது ஆகியிருக்கும். அந்த நோயாளிக்கு அந்த ஒரு நிமிடம் இல்லை.

பிறகு அவனிடம் கேட்டேன், இது உனக்கு எப்படித் தெரியும் என்று. அவனுடைய குழுவில் மூத்தவர் ஒருவர் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்திருந்தாராம்: "பை உன் கையில் இருந்தால் இந்த அலை உன் பொறுப்பு. மறைந்தால் உடனே கத்து." அன்றிலிருந்து இ.எம்.டி.க்களுக்கு நான் நடத்தும் பயிற்சி அந்த வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது. பாராமெடிக் பெரிய வேலையில் மூழ்கும்போது அடிப்படை வேலையை ஒருவர் விடாமல் பிடித்திருக்க வேண்டும். அதில் ஏதாவது தவறினால் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். ட்யூபை எடுத்துக்கொடுப்பதும் டிரிப்ஸ் பையைத் தொங்கவிடுவதும் அதற்கு அடுத்தபடிதான்.

யார் என்ன செய்கிறார்கள்

அமெரிக்காவில் அவசர மருத்துவப் பணியாளர்களுக்கு நான்கு நிலைகள் உண்டு. முதலில் வந்து சேரும் உதவியாளர், இ.எம்.டி., மேம்பட்ட இ.எம்.டி., அப்புறம் பாராமெடிக். இ.எம்.டி. படிப்பு 150 மணி நேரத்தையொட்டி முடிந்துவிடும். பாராமெடிக் படிப்பு ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டும். இ.எம்.டி. ஆக்சிஜன் கொடுக்கலாம், ஆம்பு பையால் மூச்சுக் கொடுக்கலாம், தானியங்கி ஷாக் கருவியைப் பயன்படுத்தலாம், இரத்தச் சர்க்கரை பார்க்கலாம், ஆஸ்பிரின் போன்ற சில மருந்துகளைத் தரலாம். இரத்தக் குழாயில் ஊசி ஏற்றுவது, மூச்சுக்குழாயில் ட்யூப் போடுவது, இதயத்துக்கான மருந்துகளைச் செலுத்துவது பாராமெடிக்கின் வேலை.

நான் வேலை செய்யும் நியூ ஜெர்சியில் இதில் ஒரு கூடுதல் சிக்கல். இங்கே பாராமெடிக்குகள் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள். இருவராகத் தனி வண்டியில் வருவார்கள். நோயாளியை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் ஊர்க் குழுவினுடையது. அதில் இருப்பவர்கள் இ.எம்.டி.க்கள், பலர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஒருவரையொருவர் முன்பின் பார்த்திராத நான்கு பேர் ஒரு வீட்டின் வரவேற்பறையில், சாகக்கிடக்கும் ஒருவரின் பக்கத்தில், முதல் தடவையாகச் சந்திக்கிறோம். எப்போதும் ஒரே பார்ட்னரோடு வண்டியில் போகிறவர்களுக்குப் பழக்கத்திலேயே வந்துவிடுவதை எங்களைப் போன்ற இடங்களில் பயிற்சியில்தான் கொண்டுவர முடியும்.

முதல் படி: எல்லையை எழுதி ஒட்டுங்கள்

பயிற்சிக்கு நாள் குறிப்பதற்கு முன் உங்கள் மருத்துவ இயக்குநரோடு உட்காருங்கள். மாநில விதிகளையும் உள்ளூர் நெறிமுறையையும் எடுத்து வைத்து ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் இ.எம்.டி. தானாகச் செய்யக்கூடியவை. இரண்டாவதில் பாராமெடிக் கேட்டுக்கொண்டால், அவர் கண் முன்னால் தயார் செய்து தரக்கூடியவை. மூன்றாவதில் யார் கேட்டாலும் தொடக்கூடாதவை.

இரண்டாவது பத்திதான் இந்த வழிகாட்டியின் விஷயம். டிரிப்ஸ் பையைத் தயார் செய்வது, ட்யூப் போடுவதற்கான சாமான்களை வரிசைப்படுத்துவது, மருந்தை இருவராகச் சரிபார்ப்பது எல்லாம் அதில் வரும். 2019-ல் வந்த தேசியப் பணி வரம்பு மாதிரி, 12 லீட் ஈ.சி.ஜி. (இதயத்தை 12 கோணத்தில் பதிவு செய்வது) எடுத்து மருத்துவமனைக்கு அனுப்புவதை இ.எம்.டி. நிலைக்கே கொண்டுவந்துவிட்டது. ஆனால் அது வெறும் மாதிரிதான், சட்டம் உங்கள் மாநிலத்தினுடையது.

மூன்றாவது பத்தியை வகுப்பில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். இரத்தக் குழாயில் ஊசி குத்துவது, அதன் வழியே மருந்து செலுத்துவது, ட்யூப் போடுவது, ஈ.சி.ஜி.யைப் பார்த்து இது மாரடைப்புதான் என்று முடிவெடுப்பது. நெருக்கடியில் ஒரு பாராமெடிக் அவசரப்பட்டு, "நீயே அந்த ஊசியைத் தள்ளிவிடு" என்று சொல்லும் நாள் வரலாம். "எனக்கு அனுமதி இல்லை, நான் பையைப் பிடிக்கிறேன், நீங்கள் போடுங்கள்" என்று பதில் சொல்ல அந்தப் பிள்ளைக்கு முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை நான் ஆளாளுக்கு மூன்று முறை சொல்ல வைப்பேன்.

இரண்டாம் படி: பையைக் கண்ணை மூடிக்கொண்டு தெரியணும்

எங்கள் பகுதி மருத்துவமனைக்குப் போய், பழைய பாராமெடிக் பை ஒன்றைப் பயிற்சிக்காகக் கேட்டு வாங்கினோம். காலாவதியான சாமான்களை அதில் அடுக்கி வைத்தார்கள். மருந்து மட்டும் கிடையாது, வெறும் பெட்டிகள். முதல் வகுப்பு முழுக்க அந்தப் பையை நடுவில் வைத்துத்தான்.

ஒருவர் பெயர் சொல்ல வேண்டும், மற்றவர் எடுக்க வேண்டும். "18 கேஜ் ஊசி." "60 சொட்டு செட்." "வளைந்த பிளேடு, நம்பர் 4." முதல் சுற்றில் சாவகாசமாக. அடுத்த சுற்றில் ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி. மூன்றாவது சுற்றில் அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சோடு. எடுத்ததைத் திரும்ப அதே இடத்தில் வைப்பதும் பயிற்சிதான். அடுத்த அழைப்பில் அந்த இடத்தில் கையை விடுகிற ஆள் ஏமாறக்கூடாது.

தமிழ்நாட்டு 108 ஆம்புலன்ஸ்களில் வேலை செய்பவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்ல வேண்டும். 2008-ல் தொடங்கிய அந்தச் சேவையில் வண்டிக்கு ஓர் இ.எம்.டி., ஒரு பைலட் (ஓட்டுநர்). நோயாளியோடு பின்னால் இருப்பது இ.எம்.டி. மட்டும்தான், கைகொடுக்க வருவது பைலட். இந்தப் பைப் பயிற்சியையும், பின்னால் வரும் சி.பி.ஆர். (நெஞ்சு அமுக்கும்) பயிற்சியையும் இருவருமாகச் சேர்ந்து செய்துபாருங்கள். இரண்டு பேர் மட்டும் இருக்கும் வண்டியில் எந்த அறையில் எது இருக்கிறது என்று இருவருக்கும் தெரிந்திருப்பது பெரிய பலம்.

மூன்றாம் படி: டிரிப்ஸ் பையைத் தயார் செய்வது

பார்க்கச் சின்ன வேலை. எல்லாரும் சொதப்பும் இடமும் இதுதான், அதனால் இதற்கு ஒரு முழு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பையை எடுத்ததும் உறையைக் கிழிப்பதற்கு முன் எழுத்தைப் படிக்க வேண்டும். 0.9% சலைனா, டெக்ஸ்ட்ரோஸா? இரண்டும் ஒரே மாதிரி ஒளி ஊடுருவும் பைகள்தான். காலாவதித் தேதி, உள்ளே இருக்கும் திரவம் தெளிவாக இருக்கிறதா, அழுத்தினால் எங்காவது கசிகிறதா என்று பார்க்கணும். அப்புறம் குழாய் செட்டை எடுத்து முதல் வேலையாக, திரவத்தை அடைக்கும் உருளைக் கிளாம்பை மூட வேண்டும். வாங்கி வரும்போது அது திறந்தே இருக்கும். பையின் முனை மூடியையும் குத்தும் முனையின் மூடியையும் கழற்றி, இரண்டையும் விரல் படாமல் சேர்த்து, திருகித் தள்ள வேண்டும். சொட்டு விழும் சேம்பரை அழுத்தி விட்டால் பாதி வரை நிரம்பும். அங்கே நிறுத்தணும். பிறகு கிளாம்பை மெதுவாகத் திறந்து, குழாயின் கடைசி முனை வரை திரவம் வந்து காற்றுக் குமிழ்கள் வெளியேறும்வரை விடணும். நடுவில் மருந்து போடும் முனைகள் இருக்கும், அவற்றைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினால் அங்கே ஒளிந்திருக்கும் குமிழ் மேலே வந்துவிடும்.

போன வருடம் எங்கள் வகுப்பில் கல்லூரியில் படிக்கும் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். கிளாம்பை மூட மறந்து குத்திவிட்டாள். சேம்பர் விளிம்புவரை நிரம்பி, குழாய் வழியாகத் தரையெல்லாம் சலைன். முகம் வெளிறிப்போய், "அக்கா, இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற எடுக்கவா?" என்றாள். வேண்டாம் என்றேன். கிளாம்பை மூடச் சொல்லி, பையைத் தலைகீழாகத் திருப்பி, சேம்பரை அமுக்கச் சொன்னேன். கூடுதல் திரவம் பைக்குள்ளேயே திரும்பிப் போனது. நிமிர்த்தியபோது சேம்பரில் சரியாகப் பாதி. சேம்பர் முழுக்க நிரம்பினால் சொட்டு கண்ணில் தெரியாது, சொட்டு தெரியாவிட்டால் வேகத்தை எண்ண முடியாது. இந்தக் காரணம் புரிந்த பிறகு அவள் கிளாம்பை மறந்ததே இல்லை. அதனால் இப்போதெல்லாம் முதல் முயற்சியில் யாரையும் நான் எச்சரிப்பதில்லை. தரை நனையட்டும்.

சொட்டு எண்ணிக்கை செட்டின் உறையிலேயே அச்சிட்டிருக்கும். பெரிய சொட்டு செட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 அல்லது 15 சொட்டு, சிறிய சொட்டு செட்டில் 60. எது வேண்டும் என்று பாராமெடிக் சொல்லாவிட்டால் கேட்டுவிட்டே எடுக்கணும். கடைசியில் மூன்று துண்டு பிளாஸ்திரி கிழித்துக் கட்டில் கம்பியில் ஒட்டி வைத்தால் அந்த பாராமெடிக் உங்களை மறக்கமாட்டார். கொடுக்கும்போது வாயால் சொல்லணும்: "ஒரு லிட்டர் சலைன், தேதி சரி, காற்று இல்லை."

குத்திய ஊசியை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் வேண்டாம். ஊசியைப் பயன்படுத்தியவரே அதை ஷார்ப்ஸ் பெட்டியில் போட வேண்டும். இ.எம்.டி.யின் வேலை, அந்தப் பெட்டியை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வாய் திறந்தபடி கொண்டுபோய் வைப்பது.

நான்காம் படி: 12 லீட் ஈ.சி.ஜி.

இங்கே தவறு நடப்பது மேலே இருந்துதான். முதல் இரண்டு ஸ்டிக்கரையும் பெரும்பாலானோர் கழுத்துக்குக் கிட்டே ஒட்டிவிடுகிறார்கள். அப்படி ஒட்டினால் படம் மாறும், இல்லாத கோளாறு இருப்பது போலத் தெரியும்.

விரலால் இடம் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுங்கள். தொண்டைக் குழியிலிருந்து நெஞ்செலும்பின் மேல் விரலைக் கீழே இறக்கினால் ஒரு மேடு தட்டுப்படும். அந்த மேட்டுக்குப் பக்கவாட்டில் இருப்பது இரண்டாவது விலா. அதற்குக் கீழே உள்ள பள்ளம் இரண்டாவது இடைவெளி. அங்கிருந்து மூன்று, நான்கு என்று எண்ணி இறங்கணும். நான்காவது இடைவெளியில் நெஞ்செலும்பின் வலது ஓரம் வி1, இடது ஓரம் வி2. அடுத்ததாக வி4-ஐ ஒட்டணும்: ஐந்தாவது இடைவெளி, காறை எலும்பின் நடுவிலிருந்து நேர்கீழே. வி2-க்கும் வி4-க்கும் நடுவில் வி3. வி4-ன் அதே மட்டத்தில் அக்குளின் முன் ஓரத்துக்கு நேராக வி5, அக்குளின் நடுவுக்கு நேராக வி6. வரிசை எண்படி ஒட்டினால் வி3 எங்காவது போய்விடும், அதனால்தான் வி4-க்கு முன்னுரிமை.

கைகால் வயர்களின் நிறம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் வலது கை வெள்ளை, இடது கை கறுப்பு, வலது கால் பச்சை, இடது கால் சிவப்பு. ஐரோப்பிய முறையில் வலது கை சிவப்பு, இடது கை மஞ்சள், வலது கால் கறுப்பு, இடது கால் பச்சை. ஊரில் பழகிவிட்டு இங்கே வந்தவர்கள் நிறத்தை நம்பாமல் வயரின் மேல் உள்ள எழுத்தைப் படிப்பதே நல்லது.

வியர்வையைத் துடைக்கணும், முடி அடர்ந்திருந்தால் மழிக்கணும், பதிவு ஓடும்போது நோயாளி பேசாமல் அசையாமல் இருக்கணும். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்கும். புத்தகத்தில் குறைவாக இருப்பது கூச்சம். எங்கள் ஊரில் இந்தியக் குடும்பங்கள் அதிகம். நெஞ்சுவலி என்று படுத்திருக்கும் 70 வயது அம்மாவிடம் அந்நிய முகங்கள் நான்கு பேர் ரவிக்கையைக் கழற்றச் சொன்னால் அவர் இல்லாத வலியையும் சேர்த்து அனுபவிப்பார், அல்லது வலியே இல்லை என்று சொல்லிவிடுவார். மேலே சொன்ன பெண் இதை எங்களுக்கே செய்துகாட்டினாள். முதலில் ஒரு போர்வையை விரித்துப் போர்த்தினாள். "பாட்டி, நெஞ்சுல ஆறு ஸ்டிக்கர் ஒட்டணும், ஷாக் எல்லாம் அடிக்காது. போர்வைக்குள்ளேயே ஒட்டறேன், யாரும் பார்க்கமாட்டாங்க" என்றாள். வாசலில் நின்ற ஆண்களைப் பார்த்து ஒரு பார்வை, அவர்கள் நகர்ந்தார்கள். ஈ.சி.ஜி. சுத்தமாக வந்தது. அந்த வரிசையை அப்படியே எங்கள் மதிப்பீட்டுத் தாளில் சேர்த்துவிட்டேன்: போர்த்துவது முதல் மதிப்பெண்.

ஐந்தாம் படி: மூச்சுப் பாதை

இதற்கு இரண்டு வகுப்புகள் தேவை. முதல் வகுப்பில் ட்யூபைக் கையில் எடுக்கவே விடமாட்டேன். முழுக்க ஆம்பு பை.

ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை அழுத்துகிறோம் என்று எல்லாரையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். பதற்றம் வந்தால் கை வேகமாகும். 10 தடவை அழுத்த வேண்டிய இடத்தில் 30 தடவை அழுத்துகிறவர்களை வகுப்புக்கு வகுப்பு பார்க்கிறேன். அப்படி ஊதினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் குறையும். பெரியவர்களுக்கான பை ஒரு லிட்டருக்கும் மேலே கொள்ளும், தேவைப்படுவதோ 500 முதல் 600 மில்லிலிட்டர்தான். நெஞ்சு எழும்புவது கண்ணில் தெரிந்தால் போதும், கையை எடுத்துவிடலாம். இருவர் இருந்தால் ஒருவர் இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பிடிக்க, மற்றவர் அழுத்தட்டும். ஒற்றைக் கையால் பிடித்த மாஸ்க் பெரும்பாலும் கசியும்.

இரண்டாவது வகுப்பில் ட்யூபுக்கான ஏற்பாடு. நோயாளியின் காதும் நெஞ்செலும்பின் மேல்முனையும் ஒரே மட்டத்தில் வரும்படி தலைக்குக் கீழே துண்டை மடித்து வைப்பது முதல் வேலை. அடுத்தது சக்ஷன், வாயில் சேர்வதை உறிஞ்சி எடுக்கும் மெஷின். மெஷினை ஓடவிட்டு, சத்தம் கேட்டு, முனையை நோயாளியின் தலைக்கு வலப்பக்கம், தலையணைக்கு அடியில் செருகி வைக்கணும். பாராமெடிக் இடது கையால், குரல்வளையைப் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பைப் பிடித்திருப்பார், அவருடைய வலது கைதான் காலி. எல்லாச் சாமானும் வலப்பக்கம் இருக்க வேண்டியதும் உதவியாளர் வலப்பக்கம் நிற்க வேண்டியதும் அதனால்தான்.

லாரிங்கோஸ்கோப்பின் விளக்கு எரிகிறதா, பிளேடு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கணும். பாராமெடிக் கேட்ட அளவு ட்யூப் ஒன்று, அதைவிட அரை அளவு சின்னது ஒன்று. 10 மில்லி சிரிஞ்சால் பலூனை ஊதிப் பார்த்து, கசிவில்லை என்றால் காற்றை முழுக்க இழுத்துவிடணும். உள்ளே கம்பி போட்டால் அதன் நுனி ட்யூபின் முனையைத் தாண்டி வெளியே வரக்கூடாது. ட்யூப் பிடிப்பான் கைக்கு எட்டும் இடத்தில். கரியமில வாயுவின் அலையைக் காட்டும் கேப்னோகிராபி வயர் பொருத்தி, மானிட்டரில் உயிரோடு. இதில் எது ஒன்று குறைந்தாலும் "தயார்" என்று சொல்லக்கூடாது.

ட்யூபைக் கொடுக்கும் விதத்தைத் தனியாகப் பயிற்சி செய்யுங்கள். குரல்வளையைப் பார்த்துவிட்ட பாராமெடிக் கண்ணை எடுக்கமாட்டார். கையை மட்டும் நீட்டுவார். வளைவு மேல்நோக்கி இருக்க, அவர் பென்சில் பிடிப்பதுபோல் பிடிக்கத் தோதாக, விரலுக்குள் வைக்க வேண்டும். நான் பயிற்சியில் கண்ணைக் கட்டிக்கொண்டு கையை நீட்டுவேன். ட்யூபைத் திருப்பிப் பிடிக்க வேண்டி வந்தால் மறுபடி முதலிலிருந்து.

கழுத்தின் முன்பக்கத்தை அழுத்துவதைப் பழைய ஆட்கள் இன்னும் சொல்லிக்கொடுக்கிறார்கள். இதயம் நின்றவர்களுக்கு அதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2010-லேயே சொல்லிவிட்டது. இப்போதெல்லாம் பாராமெடிக் தன் கையாலேயே குரல்வளையை நகர்த்திப் பார்த்து, நன்றாகத் தெரியும் இடத்தில் உங்கள் விரலை வைத்து "இங்கேயே பிடி" என்பார். சொன்ன இடத்தில் பிடித்தால் போதும், நீங்களாக அழுத்த வேண்டியதில்லை.

முயற்சி நடக்கும்போது இ.எம்.டி.க்கு ஒரு முக்கியமான வேலை: வாய். ஆக்சிஜன் அளவை உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கணும். "98... 97... 95." முப்பது விநாடி ஆனால் அதையும். பாராமெடிக்குக்கு அந்த நேரத்தில் காலம் ஓடுவதே தெரியாது, எனக்கே தெரிந்ததில்லை. உங்கள் நெறிமுறை சொல்லும் எண்ணைத் தொட்டதும் "நிறுத்துங்கள், மூச்சுக் கொடுப்போம்" என்று சொல்ல வேண்டியது பையை வைத்திருப்பவர்.

ட்யூப் போன பிறகு மூச்சு ஆறு விநாடிக்கு ஒன்று. அலை சதுரமாக, ஒவ்வொரு மூச்சுக்கும் வருகிறதா என்று பாருங்கள். சாதாரணமாக அது காட்டும் எண் 35 முதல் 45 வரை. நோயாளியை நகர்த்தும்போது பையை ட்யூபிலிருந்து கழற்றிவிட்டு நகர்த்துங்கள், பையின் எடைதான் ட்யூபை இழுக்கிறது. நகர்த்தி முடிந்து மாட்டியதும் முதல் பார்வை அலைக்கு. அலை தப்பினால் சொல்லிவிட்டு நான்கு கேள்வி: ட்யூப் இடம் மாறியதா, அடைத்துக்கொண்டதா, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்துவிட்டதா, கருவியில் ஏதாவது கழன்றதா? நான்காவதை இ.எம்.டி.யே பார்த்துவிடலாம். ஆக்சிஜன் குழாய் சிலிண்டரோடு சேர்ந்திருக்கிறதா என்று கண்ணால் கடைசிவரை தொடர்ந்து பாருங்கள்.

ஆறாம் படி: மருந்தை இருவராகப் பார்ப்பது

எபிநெஃப்ரின் (அட்ரினலின்) இரண்டு செறிவில் வரும். ஒன்று மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம், சின்னப் புட்டியில். இன்னொன்று மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம், 10 மில்லி சிரிஞ்சில் நிரப்பியே வரும். ஒவ்வாமையில் பெரியவர்களுக்குத் தசையில் போடுவது 0.3 முதல் 0.5 மில்லிகிராம். இதயம் நின்றவருக்கு இரத்தக் குழாயில் 1 மில்லிகிராம். நாடி துடிக்கும் ஒருவருக்கு அந்த 1 மில்லிகிராமும் இரத்தக் குழாயில் ஏறினால் ஆபத்து. முன்பு லேபிளில் 1:1000, 1:10,000 என்றெல்லாம் போட்டிருப்பார்கள், பூஜ்ஜியத்தை எண்ணித் தடுமாறுவோம். அமெரிக்காவில் 2016-லிருந்து அந்த விகித எழுத்தை எடுத்துவிட்டார்கள். குழப்பம் குறைந்தது, ஒழியவில்லை.

கேன்சஸ் மாநிலத்தின் செட்ஜ்விக் கவுண்டி ஆம்புலன்ஸ் சேவையில் இதற்கென்றே ஒரு பேச்சு முறையை உருவாக்கினார்கள். நாங்கள் வகுப்பில் பழகுவது அதைத் தழுவியதுதான். பாராமெடிக் "மருந்துச் சரிபார்ப்பு" என்பார். இ.எம்.டி. கையில் இருப்பதை நிறுத்திவிட்டு "சொல்லுங்கள்" என்பார். என்ன மருந்து, எவ்வளவு, எந்த வழியில், எதற்காக என்று பாராமெடிக் சொல்வார். "கொடுக்கக்கூடாத காரணம் ஏதாவது?" என்று இ.எம்.டி. கேட்பார். ஒவ்வாமை, இரத்த அழுத்தம் இரண்டையும் சொல்லி பாராமெடிக் பதில் தருவார். அடுத்த கேள்வி "எத்தனை மில்லி?" இங்கே பாராமெடிக் புட்டியைக் கையில் காட்டிச் செறிவையும் அளவையும் சொல்ல, இ.எம்.டி. தன் கண்ணால் லேபிளைப் படித்த பிறகுதான் "சரி, கொடுங்கள்" என்பார்.

மருந்தியல் தெரியாத ஓர் இ.எம்.டி. எப்படிச் சரிபார்க்க முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. லேபிளில் ஒன்று இருக்க, வாய் வேறொன்று சொன்னால் அதைக் கண்டுபிடிக்க மருந்தியல் வேண்டாம், படிக்கத் தெரிந்தால் போதும். பயிற்சியில் வேண்டுமென்றே தவறான புட்டியைக் காட்டுங்கள். பயிற்சியாளர் சொல்வதை நம்பித் தலையாட்டுபவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். முதல் முறை நான் இதைச் செய்தபோது எட்டுப் பேரில் ஆறு பேர் "சரி" என்றார்கள். மூன்றாவது வகுப்பில் ஒருவரும் சொல்லவில்லை.

ஏழாம் படி: எல்லாவற்றையும் சேர்ப்பது

இதயம் நின்ற நோயாளியை வைத்துத்தான் எல்லாம் ஒன்றுசேரும். கார்ப் பந்தயத்தில் வண்டி உள்ளே வந்ததும் ஆளுக்கொரு சக்கரத்துக்கு ஓடுவார்களே, அதேபோல் ஒவ்வொருவருக்கும் நிற்கும் இடம் முன்கூட்டியே தெரிந்திருக்கணும். இருவர் நெஞ்சின் இரு பக்கமும், ஒருவர் தலைமாட்டில், பாராமெடிக் கால் பக்கம் தள்ளி மானிட்டரோடு.

நெஞ்சு அமுக்கும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம், எந்தக் காரணத்துக்கும் இடைவெளி 10 விநாடிக்குள். அந்த 10 விநாடியைக் காப்பதுதான் இ.எம்.டி.யின் பங்கு. ட்யூப் போடுவதற்காகப் பாராமெடிக் நிறுத்தச் சொன்னால் எண்ண ஆரம்பிக்கணும்: "எட்டு, ஒன்பது, பத்து, தொடங்குகிறேன்." அனுமதி கேட்க வேண்டாம். இதை நான் முன்கூட்டியே பாராமெடிக்குகளிடமும் சொல்லிவைப்பேன், அப்போதுதான் களத்தில் மனத்தாங்கல் வராது.

ஒருவர் நேரம் பார்க்கட்டும். எபிநெஃப்ரின் மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, கடைசியாகக் கொடுத்த நேரத்தைக் கையுறையின் மேல் பேனாவால் எழுதி வைக்கலாம். கரியமில வாயு எண் 10-க்குக் கீழேயே கிடந்தால் அமுக்குபவர் களைத்திருக்கலாம், மாற்றுங்கள். திடீரென்று 40-க்கு எகிறினால் இதயம் திரும்பியிருக்கலாம், சொல்லுங்கள். ஷாக் கொடுக்கும்போது ஆக்சிஜனை நெஞ்சிலிருந்து தள்ளி வைப்பது தலைமாட்டில் இருப்பவர் வேலை.

கேட்டதைத் திரும்பச் சொல்வது இந்தப் படியில் கட்டாயம். "எபி நேரம் ஆனதும் சொல்லு" என்றால் "எபி நேரம் சொல்கிறேன்" என்று பதில் வரணும். "ஓகே" செல்லாது.

விடாத அழுத்தத்தில் காற்று தரும் சி-பேப் மாஸ்க் பொருத்துவது, விரல் நுனியில் சர்க்கரை பார்ப்பது இரண்டுக்கும் அரை மணி நேரம் போதும். மாஸ்க்கில் பெல்ட்டை உடனே இறுக்காமல், நோயாளியே கையால் பிடித்துப் பழகட்டும். சர்க்கரைக்கு விரலைத் துடைத்துக் காயவிட்டுக் குத்துங்கள், விரலில் ஒட்டியிருக்கும் பழச்சாறே எண்ணை ஏற்றிவிடும்.

எட்டாம் படி: தேர்வும் கையெழுத்தும்

எழுத்துத் தேர்வு வைக்காதீர்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள், அதில் செய்ய வேண்டியவை வரிசையாக. முதலில் செய்வதை வாயால் சொல்லிக்கொண்டே செய்யணும், அடுத்து சொல்லாமல், கடைசியில் சத்தம் நிறைந்த இடத்தில். நாங்கள் ரேடியோவை அலறவிட்டு, ஒருவரை அழும் உறவினராக நடிக்க வைத்து, ஆம்புலன்ஸின் பின்பக்கத்திலேயே நடத்துகிறோம். மூன்று முறை தவறில்லாமல் செய்தவருக்கு மருத்துவ இயக்குநர் கையெழுத்துப் போடுவார். தவறினால் திட்டு இல்லை, அடுத்த வாரம் மறுபடி வரணும்.

தாளின் கடைசியில் ஒரு வரி எல்லாருக்கும் பொது. நடிப்புப் பயிற்சியில் பாராமெடிக்காக இருப்பவர் எங்காவது ஒரு தவறை வேண்டுமென்றே செய்வார். கழன்ற ஆக்சிஜன் குழாய், தட்டையான அலை, மாறிப்போன புட்டி, ஏதாவது ஒன்று. அதை வாய்விட்டுச் சொல்லாதவர் மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தாலும் தேர்ச்சி இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனைவரையும் திரும்ப அழையுங்கள், கை மறந்துவிடும். ஒவ்வொரு பெரிய அழைப்புக்குப் பிறகும் மருத்துவமனை வாசலில் ஐந்து நிமிடம் பாராமெடிக்கும் இ.எம்.டி.யும் நின்று பேசட்டும். என்ன நன்றாகப் போனது, எதை முன்கூட்டி எடுத்து வைத்திருக்கலாம். அந்த ஜனவரி இரவு நாங்கள் அப்படி நின்று பேசியபோதுதான் அந்தப் பையன் சொன்னான், முதல் முறை அவன் சொன்னது சைரன் சத்தத்தில் எங்கள் இருவர் காதிலும் விழவில்லை என்று. இரண்டாவது முறை என் தோளைத் தட்டிச் சொல்லியிருக்கிறான். எனக்குத் தட்டியது நினைவில்லை. ஆனால் இப்போது பயிற்சித் தாளில் அதுவும் ஒரு வரியாக இருக்கிறது: சொன்னது காதில் விழவில்லை என்றால், தோளைத் தட்டு.